மணிக்கட்டில் ஓர் எண்

நுழையும்முன்

அளவைகளோடு வளர்ந்தது மனித வாழ்வு. நாழியும் உழக்கும் நெல்லை அளந்தன. சாணும் முழமும் துணியை அளந்தன. இன்று மணிக்கட்டில் கட்டப்படும் சிறு கருவியொன்று, ஓடுபவர் செலவிட்ட ஆற்றலைக் கலோரிக் கணக்கில் காட்டுகிறது. அந்த எண் எவ்வாறு உருவாகிறது? யாருடைய உடலை அடிப்படையாகக் கொண்டது? அதனை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இவ்வுரைநடை.

நகரின் காலை

பொழுது புலர்வதற்கு முன்பே சென்னையின் தென்பகுதி விழித்துக்கொள்கிறது. மயிலாப்பூரின் நாகேசுவரராவ் பூங்காவில் முதியோர் வட்டமிட்டு நடக்கின்றனர். தியாகராய நகரின் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் நடைப்பயிற்சியாளர்களால் நிறைகின்றன. மெரினாவில் கலங்கரை விளக்கத்தையொட்டிய நடைபாதையிலும், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையிலும் இளைஞர் பலர் ஓடுகின்றனர். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தொடங்கியது. மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நீள நடைபாதை அமைப்பது அதன் நோக்கம். சென்னையில் பெசன்ட் நகர்ப் பகுதி அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இவ்வாறு நடப்போர், ஓடுவோர் பலருடைய கைகளில் திறன் கடிகாரமோ உடற்பயிற்சிக் கைப்பட்டையோ காணப்படுகிறது. ஓட்டம் முடிந்ததும் பலர் முதலில் செய்வது, மணிக்கட்டைத் திருப்பி எண்ணைப் பார்ப்பதே. கடந்த தொலைவு, எடுத்துக்கொண்ட நேரம், இதயத் துடிப்பு ஆகியவற்றோடு ‘செலவான கலோரி’ என்னும் எண்ணும் திரையில் ஒளிர்கிறது. எல்லா எண்களும் ஒரே திரையில், ஒரே எழுத்தளவில் தோன்றுவதால், எல்லாம் ஒரே தரத்தில் அளக்கப்பட்டவை என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறு இல்லை. அவற்றுள் சில அளந்து பெற்றவை. சில கணித்துப் பெற்றவை. கலோரி எண் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

கலோரி என்னும் அளவை

கலோரி என்பது வெப்ப ஆற்றலின் அலகு. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியசு பாகை உயர்த்தத் தேவையான ஆற்றலைக் கிலோகலோரி என்பர். உணவைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் பேசும்போது வழக்கில் ‘கலோரி’ என்று சுருக்கமாகக் குறிக்கப்படுவது இந்தக் கிலோகலோரியே ஆகும். இது ஏறத்தாழ 4.2 கிலோஜூலுக்குச் சமம்.

உயிருள்ள உடலின் ஆற்றலை அளக்க முடியும் என்று காட்டியவர் பிரெஞ்சு அறிவியலாளர் இலவாசியே. 1780களில் அவரும் இலாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த ஓர் அறைக்குள் கினிப்பன்றி ஒன்றை வைத்தனர். அதன் உடல் வெப்பத்தால் உருகிய பனிக்கட்டியின் அளவையும், அது வெளிவிட்ட மூச்சுக்காற்றையும் ஒப்பிட்டனர். மூச்சு விடுதல் என்பது மெதுவாக நிகழும் ஓர் எரிதலே என்னும் முடிவுக்கு வந்தனர். அடுப்பில் விறகு எரிவதற்குக் காற்று வேண்டும். உடலில் உணவு எரிவதற்கும் காற்று வேண்டும். ஆதலால், ஒருவர் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தினார் என்று அளந்தால், அவர் செலவிட்ட ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு லிட்டர் ஆக்சிஜன் பயன்படும்போது ஏறத்தாழ ஐந்து கிலோகலோரி ஆற்றல் வெளிப்படுகிறது. இன்றும் ஆய்வகங்களில் மூச்சுக்காற்றை முகமூடி வழியாகச் சேகரித்தே ஆற்றல் செலவை அளக்கின்றனர்.

1963ஆம் ஆண்டு இத்தாலிய உடலியல் அறிஞர் மார்காரியாவும் அவர்தம் குழுவினரும் ஓட்டத்தை ஆய்ந்து, எளிய ஓர் உண்மையை வெளியிட்டனர். சமதளத்தில் ஓடுபவர் ஒரு கிலோமீட்டர் தொலைவைக் கடக்கத் தம் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவிடுகிறார் என்பதே அது. விரைந்து ஓடினாலும் மெல்ல ஓடினாலும் ஒரு கிலோமீட்டருக்கான செலவு பெரிதும் மாறுவதில்லை. ஐம்பது கிலோகிராம் எடையுள்ள மாணவி ஒருத்தி ஐந்து கிலோமீட்டர் ஓடினால், செலவு ஏறக்குறைய 250 கிலோகலோரி. இதனைக் கணக்கிடத் தாளும் எழுதுகோலும் போதும்.

கருவி எதை அளக்கிறது?

மணிக்கட்டில் உள்ள கருவி மூச்சுக்காற்றை அளப்பதில்லை. அதற்குள் இருப்பவை சில உணரிகளே. முடுக்கமானி, கையின் அசைவை மூன்று திசைகளில் உணர்ந்து அடிகளை எண்ணுகிறது. கருவியின் அடிப்பகுதியில் ஒளிரும் பச்சை ஒளி, தோலுக்குள் புகுந்து மீள்கிறது. குருதியில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும்; ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டுக்கு வரும் குருதியின் அளவு கூடிக் குறைகிறது. மீண்டுவரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு இதயத் துடிப்பு எண்ணப்படுகிறது. ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டி அமைப்பு, செயற்கைக்கோள் குறிப்புகளைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது.

அசைவு, துடிப்பு, தொலைவு ஆகிய இவற்றோடு, பயனர் பதிவு செய்த வயது, பாலினம், உயரம், எடை ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு சமன்பாட்டின் வழியே கருவி கலோரி எண்ணைக் கணித்துத் தருகிறது. எனவே, உள்ளீடு பிழையானால் விடையும் பிழையாகும். அறுபத்தைந்து கிலோகிராம் எடையுள்ள அக்காவின் விவரங்கள் பதிந்த கடிகாரத்தை, ஐம்பது கிலோகிராம் எடையுள்ள தங்கை கட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அவள் செலவிட்டது ஏறத்தாழ 250 கிலோகலோரி. கடிகாரமோ 325ஐ ஒட்டிய எண்ணைக் காட்டக்கூடும். பட்டை தளர்ந்திருந்தால் ஒளி சிதறித் துடிப்பின் கணக்குத் தவறும். தியாகராய நகர் போன்ற பகுதிகளில் நெருங்கி நிற்கும் உயர்ந்த கட்டடங்களில் செயற்கைக்கோள் குறிப்புகள் பட்டுத் தெறிப்பதால் தொலைவும் பிசகலாம்.

இக்கருவிகளின் துல்லியத்தை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு ஆராய்ந்தனர். அறுபது தன்னார்வலர்கள் ஏழு வகைக் கருவிகளை அணிந்து நடந்தனர், ஓடினர், மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். ஏழனுள் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை ஐந்து விழுக்காட்டிற்குட்பட்ட பிழையுடன் காட்டின. கலோரிக் கணக்கிலோ, மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைபட்டது. மிகக் குறைந்த துல்லியமுடைய கருவி 93 விழுக்காடு பிழைபட்டது. 27 விழுக்காடு பிழை என்பதன் பொருள் யாது? உண்மை அளவு 250ஆக இருக்கும்போது திரையில் தோன்றும் எண் 180ஐ ஒட்டியும் இருக்கலாம்; 320ஐ ஒட்டியும் இருக்கலாம்.

யாருடைய உடல்?

சமன்பாட்டைப் பற்றி எழ வேண்டிய மற்றொரு வினா, அது யாரை அளந்து எழுதப்பட்டது என்பதாகும். இவ்வினாவுக்குச் சென்னையோடு நெருங்கிய தொடர்புண்டு.

ஒருவர் எவ்வித வேலையும் செய்யாமல் ஓய்ந்து படுத்திருக்கும்போதும் இதயம் துடிக்கிறது, நுரையீரல் இயங்குகிறது, மூளை பணி செய்கிறது. இதற்கு ஆகும் ஆற்றலை அடிப்படை வளர்சிதை மாற்ற அளவு என்பர். பெரும்பாலோர்க்கு ஒரு நாளில் செலவாகும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இதுவே. 1919ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாரிஸ், பெனடிக்ட் என்னும் இருவர் 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து, எடை, உயரம், வயது ஆகியவற்றிலிருந்து இவ்வளவைக் கணிக்கும் சமன்பாடுகளை வெளியிட்டனர். அவை உலகெங்கும் பரவின. இன்றைய கருவிகளின் உள்ளேயும் இத்தகைய சமன்பாடுகளே இயங்குகின்றன.

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய எலினார் மேசன், தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்தார். அமெரிக்கச் சமன்பாட்டை உருவாக்கிய அதே பெனடிக்டும் அவருடன் இணைந்தார். இருவரும் எழுதிய ஆய்வுரை 1931ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆய்வு இதழில் வெளிவந்தது. தென்னிந்தியப் பெண்களிடம் அளந்து பெற்ற அளவு, அமெரிக்கச் சமன்பாடு சொன்ன அளவைவிடக் குறிப்பிடத்தக்க வகையில் குறைந்திருந்தது. சமன்பாட்டை எழுதியவரே, அது எல்லா உடல்களுக்கும் பொருந்தவில்லை என்பதைச் சென்னையில் கிடைத்த சான்றைக் கொண்டு ஏற்றுப் பதிவு செய்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இக்குறைவு இனத்தின் இயல்பா, தட்பவெப்பத்தின் விளைவா, உணவின் விளைவா என்னும் விவாதம் நெடுங்காலம் நீடித்தது. 1990களில் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் உடல் எடையை மட்டும் பாராமல், தசை முதலிய கொழுப்பற்ற பகுதியின் அளவையும் கணக்கில் கொண்டனர். அவ்வாறு ஒப்பிட்டபோது இந்தியர்க்கும் மேலைநாட்டினர்க்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. ஒரே எடையுள்ள இருவருள் ஒருவருக்குத் தசை மிகுதியாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் இருக்கலாம். எடைத்தட்டு அந்த வேறுபாட்டை அறியாது. மணிக்கட்டுக் கருவியும் அறியாது. ஆகவே, கருவி காட்டும் நாள் முழுமைக்குமான மொத்தக் கலோரி எண்ணில் இப்பிழை ஒவ்வொரு நாளும் கலந்தே இருக்கும்.

தெரிந்து தெளிவோம்

இந்திய உணவுகளின் ஆற்றலை அளக்கும் பணியில் தமிழ்நாட்டிற்குச் சிறப்பிடம் உண்டு. 1918ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராயும் பிரிவாக ஓர் ஆய்வகம் தொடங்கியது. பின்னர் அது ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. அங்கிருந்த அய்க்ராய்டு 1937ஆம் ஆண்டு இந்திய உணவுகளின் ஊட்டமதிப்பைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1958ஆம் ஆண்டு ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்த அவ்வாய்வகமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆகும்.

வெயிலும் மணலும்

சென்னையின் தட்பவெப்பமும் நிலமும் இக்கணக்கை மேலும் சிக்கலாக்குகின்றன. மார்கழிக் குளிரில் ஓடும் அதே ஐந்து கிலோமீட்டரைச் சித்திரை வெயிலில் அதே வேகத்தில் ஓடினால், இதயம் மிகுதியாகத் துடிக்கும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் குருதியை அனுப்ப வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு உயர்வதில்லை. ஆனால், துடிப்பை நம்பிக் கணக்கிடும் கருவி, கூடுதல் துடிப்பைக் கூடுதல் உழைப்பாகக் கொண்டு கலோரி எண்ணை உயர்த்திவிடுகிறது. கடற்கரை நகரின் காற்றில் ஈரப்பதம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடலின் வெப்பமும் எளிதில் தணிவதில்லை. ஓட்டத்திற்குப்பின் எடை குறைந்து காணப்படுவது பெரும்பாலும் வியர்வையாக வெளியேறிய நீரால் ஆகும். நீர் அருந்தியதும் அந்த எடை திரும்பிவிடும். பெரிய எண்ணைப் பெறுவதற்காக வெயிலில் ஓடுவது உடலுக்குக் கேடு விளைக்கும்.

மணலில் நிகழ்வது இதற்கு மாறானது. மெரினாவின் உலர்ந்த மணலில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் புதைகிறது. உந்துவிசையின் ஒரு பகுதி மணலை நகர்த்துவதில் வீணாகிறது. மணலில் ஓடுவதற்குக் கெட்டியான தரையில் ஓடுவதைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. மணலில் வேகம் குறைவதால், தொலைவையும் வேகத்தையும் மட்டும் நம்பும் கருவி உழைப்பைக் குறைத்துக் காட்டும். இவ்வாறு, வெயிலில் கூட்டியும் மணலில் குறைத்தும் சொல்லக்கூடிய எண்ணை, கடைக்காரரின் தராசு காட்டும் எண்ணைப்போலக் கொள்வது பொருந்தாது.

வளரும் உடலும் எண்ணும்

கணக்கில் சிறு பிழை இருந்தால் என்ன தீங்கு என்று கேட்கலாம். அந்த எண்ணை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு மறப்பவர்க்குத் தீங்கில்லை. அதனை வைத்து உணவைக் கூட்டவும் குறைக்கவும் முற்படும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. ‘இன்று 400 கலோரி எரித்துவிட்டேன்’ என்று எண்ணி ஒருவர் தேவைக்கு மேல் உண்ணலாம். ‘இன்று 150தான் எரிந்தது’ என்று வருந்தி மற்றொருவர் இரவு உணவைத் தவிர்க்கலாம். இரண்டாவது வழக்கம் பதின்பருவத்தினர்க்கு மிகுந்த தீங்கு தரும்.

பதினாறு, பதினேழு வயதில் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் தாங்க வேண்டிய எலும்பின் அடர்த்தியில் பெரும்பகுதி இருபது வயதை ஒட்டிய காலத்திற்குள் அமைகிறது. குருதியும் தசையும் பெருகுகின்றன. இவ்வளர்ச்சிக்கு ஆகும் ஆற்றலை எந்தத் திரையும் தனியே காட்டுவதில்லை. பயிற்சிக்கு ஏற்ற உணவு இல்லாதபோது உடல் தன் பணிகளை ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொள்கிறது. எலும்பு வலுவிழக்கிறது, பெண்களுக்கு மாதவிடாய் சீர்குலைகிறது, நோய் எதிர்ப்பாற்றல் தளர்கிறது, மனம் சோர்கிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டு இந்நிலைக்கு ‘விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு’ என்று பெயரிட்டு, வீரர்களையும் பயிற்சியாளர்களையும் எச்சரித்தது. சிறந்த பயிற்சியாளர்களின் மேற்பார்வையில் உள்ள வீரர்களுக்கே இந்த இடர் உண்டெனில், ஒரு கைப்பட்டையை மட்டும் துணையாகக் கொண்டு உணவைக் குறைக்கும் மாணவருக்கு அது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

உண்பதையே குற்றமாக எண்ணுவது, எண் நிறைவடையும்வரை களைப்பிலும் காய்ச்சலிலும் ஓடுவது, பசியை மறைப்பது ஆகியவை தோன்றினால், அவற்றை மன உறுதி எனப் போற்றலாகாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ மனம் திறந்து பேச வேண்டிய நேரம் அது. அத்தகைய நண்பரைக் கண்டால் கேலி செய்யாமல் உடன் நிற்பது நண்பரின் கடமை.

எண்ணைக் கையாளும் முறை

அப்படியானால் கருவியை எறிந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய இடத்தில் வைத்தால் போதும். தொலைவு, நேரம், ஓய்வுநிலைத் துடிப்பு ஆகியவை ஓரளவு நம்பத்தகுந்தவை. கலோரி எண்ணைப் பிறருடைய எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை; எடையும் கருவியும் சமன்பாடும் வேறு வேறாக இருக்கும். ஒருவர் ஒரே கருவியை அணிந்து, ஒரே பாதையில், ஒரே பொழுதில் ஓடித் தம் பழைய ஓட்டத்தோடு புதிய ஓட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு மாதப் பயிற்சிக்குப்பின், அதே பாதையை அதே வேகத்தில் கடக்கும்போது இதயம் முன்னைவிடக் குறைவாகத் துடித்தால், உடல் தேறியிருக்கிறது என்று பொருள். அப்போது கருவி காட்டும் கலோரி எண்ணும் குறையக்கூடும். எண்ணை மட்டும் நம்புபவர் அதனை இழப்பென்று கருதுவார். அறிந்தவர் அதனை வளர்ச்சியென்று உணர்வார்.

கருவி இல்லாதவரும் குறைவுபட்டவர் அல்லர். இரு விரல்களை மணிக்கட்டில் வைத்துப் பதினைந்து நொடிகளில் உணரும் துடிப்பை எண்ணி, நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத் துடிப்புக் கிடைக்கும். விரல்களால் நாடி பார்க்கும் மரபு சித்த மருத்துவத்தில் தொன்றுதொட்டு உள்ளது. ஓடும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் உழைப்பு நடுத்தரமானது. சில சொற்களுக்குமேல் பேச இயலாமல் மூச்சு வாங்கினால் உழைப்புக் கடுமையானது. இவ்வெளிய சோதனையை மருத்துவ உலகமும் ஏற்றுள்ளது. உலகச் சுகாதார நிறுவனம், ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிடங்கள் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அப்பரிந்துரை நிமிடங்களில் சொல்லப்பட்டுள்ளது, கலோரிகளில் சொல்லப்படவில்லை.

தெரிந்து தெளிவோம்

‘நாளொன்றுக்கு 10,000 அடிகள்’ என்னும் இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடிகணிப்பானுக்கு ‘பத்தாயிரம் அடி அளவி’ எனப் பொருள்படும் ‘மான்போ-கெய்’ என்னும் பெயர் சூட்டியது. அப்பெயரே பின்னர் உலக வழக்காயிற்று.

அளவறிதல்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உண்ணும் அளவை அறிய வேண்டியதைப் பல குறட்பாக்களில் வலியுறுத்துகிறது. அங்கு அளவுகோலாக அமைவது உண்பவரின் பசியும் செரிமானமுமே. தன் உடலின் குறிப்பைத் தானே அறியும் அந்தப் பயிற்சி, கருவிகள் பெருகிய இக்காலத்திலும் தேவைப்படுகிறது. 1931ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வும் இதனையே வேறு வகையில் உணர்த்தியது. புகழ்பெற்ற சமன்பாட்டை அப்படியே ஏற்காமல், இம்மண்ணின் பெண்களை அளந்து பார்த்த பிறகே மேசன் முடிவுக்கு வந்தார். எண்ணை மறுப்பது அறிவியல் ஆகாது. ஆராயாமல் ஏற்பதும் அறிவியல் ஆகாது. எவர் அளந்தார், எதை அளந்தார், எவரை வைத்து அளந்தார் என்று கேட்கக் கற்ற மாணவர், மணிக்கட்டில் தோன்றும் எண்ணை அச்சமின்றிப் பார்ப்பார். ஓடி முடித்ததும் பசிக்கேற்ப உண்பார்.

கற்பவை கற்றபின்

1. காலையில் எழுந்தவுடன் உங்கள் நாடித்துடிப்பை ஏழு நாள்கள் எண்ணி அட்டவணைப்படுத்துக. நாள்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டிற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் அன்றாட வாழ்வில் காணும் எண்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றை ‘அளந்து பெற்றவை’, ‘கணித்துப் பெற்றவை’ என வகைப்படுத்துக.

3. ‘உடல்நலத்தை எண்களால் மட்டும் அறிய இயலுமா?’ என்னும் தலைப்பில் பட்டிமன்றம் நடத்துக.

4. உங்கள் பகுதியில் வழங்கும் முகத்தல், நீட்டல் அளவைப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றின் இன்றைய அளவுகளை எழுதுக.